பகிர்மான ஆய்வில் ஃபீடர் முதலில், அல்காரிதம் பிறகு

மின் பகிர்மானத்தில் முதுநிலை ஆய்வுக்குத் தலைப்பு தேடுகிறவர்கள் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே 33 பஸ் ஃபீடர் என்ற சோதனை மாதிரியிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். ஃபீடர் என்பது சப்ஸ்டேஷனிலிருந்து நுகர்வோருக்கு மின்சாரம் கொண்டுபோகும் பாதை, பஸ் என்பது அதில் ஒரு இணைப்புப் புள்ளி. ஏதாவது ஒரு புது அல்காரிதத்தை எடுத்து, அந்த ஃபீடரில் ஓட்டி, இழப்பு இத்தனை சதவீதம் குறைந்தது என்று ஒரு அட்டவணை போட்டால் ஆய்வேடு முடிந்துவிடும் என்று தோன்றும். தரவு கையில் இருக்கிறது, ஒப்பிட நூற்றுக்கணக்கில் கட்டுரைகள் இருக்கின்றன. ஆனால் அந்த வழியில் போவதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

பாரனும் ஊவும் 1989-இல் வெளியிட்ட அந்த ஃபீடர் 12.66 கிலோவோல்ட்டில் ஓடுகிறது. மொத்த லோடு 3,715 கிலோவாட், 2,300 கிலோவார் (ரியாக்டிவ் திறனின் அலகு). மூடியிருக்கும் கிளைகள் 32, வேண்டும்போது மூடி மாற்றுப் பாதை தர, இப்போது திறந்திருக்கும் டை சுவிட்சுகள் 5. தொடக்க நிலையில் இழப்பு சுமார் 202.7 கிலோவாட். மிகக் குறைந்த மின்னழுத்தம் 18-ஆம் பஸ்ஸில் 0.9131 பெர்யூனிட், அதாவது பெயரளவு மின்னழுத்தத்தில் 91.31 சதவீதம். 7, 9, 14, 32, 37 ஆகிய எண்ணுள்ள ஐந்து கிளைகளையும் திறந்து, மற்றதை மூடினால் இழப்பு 139.55 கிலோவாட்டுக்கு இறங்கும். இந்த விடை துறையில் எல்லோருக்கும் நெடுநாளாகத் தெரிந்தது.

இனி கணக்கு. ஃபீடரைத் தாளில் வரைந்து ஐந்து டை சுவிட்சுகளும் மூடியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து கண்ணிகள், அதாவது மூடிய வளையங்கள், தெரியும். அவற்றில் இருக்கும் கிளைகள் முறையே 11, 10, 7, 7, 16. இந்த ஐந்து எண்களையும் ஒரு 5×5 அணியின் மூலைவிட்டத்தில் எழுதுங்கள். இரண்டு கண்ணிகளுக்குப் பொதுவாக எத்தனை கிளைகள் இருக்கின்றனவோ அந்த எண்ணைக் கழித்தல் குறியோடு உரிய இடத்தில் போடுங்கள்: முதலுக்கும் இரண்டாவதுக்கும் 3, முதலுக்கும் ஐந்தாவதுக்கும் 4, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் 1, இரண்டாவதுக்கும் ஐந்தாவதுக்கும் 2, மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் 3, மூன்றாவதுக்கும் ஐந்தாவதுக்கும் 1, நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் 1. மீதி எல்லாம் பூஜ்யம். அந்த அணியின் அணிக்கோவை 50,751. எல்லா பஸ்ஸுக்கும் மின்சாரம் போய்ச்சேர்ந்து, எங்கும் வளையம் இல்லாமல் இருக்கும் அமைப்புகள் மொத்தமே இவ்வளவுதான்.

ஒரு லோடு ஃப்ளோவுக்கு, அதாவது எல்லா பஸ்ஸின் மின்னழுத்தத்தையும் ஒருமுறை கணக்கிடுவதற்கு, 2 மில்லிவினாடி என்று வைத்தால், அத்தனையையும் ஒன்று விடாமல் ஓட்டிப் பார்க்க 102 வினாடி போதும். இரண்டு நிமிடத்துக்குள் முழுமையாகத் தேடி முடித்துவிடக்கூடிய வெளியில், துகள் கூட்ட அல்காரிதத்தில் 50 துகள்களை 200 சுற்று ஓடவிட்டு, அதை 30 முறை திரும்பச் செய்து சராசரி எடுப்பதற்கு ஆய்வு மதிப்பு இல்லை. அப்படி ஓட்டினால் மூன்று லட்சம் லோடு ஃப்ளோ ஆகிறது. எல்லா அமைப்புகளையும் பார்ப்பதைவிட ஆறு மடங்கு வேலை.

இப்படிச் சுவிட்சுகளை மாற்றி அமைக்கும் ரீகான்ஃபிகரேஷன் தலைப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. நூற்றுக்கணக்கான சுவிட்சுகள் உள்ள வலையமைப்பு, மணிக்கு மணி மாறும் லோடு, ஒரு சுவிட்சை நாளுக்கு எத்தனை தடவை இயக்கலாம் என்ற வரம்பு, சுவிட்ச் மாற்றியபின் பழுதைக் கண்டு துண்டிக்கும் ரிலேக்களின் ஒருங்கிணைப்பு கெடாமல் இருக்கிறதா என்ற கேள்வி, இவற்றில் ஒன்றாவது உள்ளே வந்தால் அது ஆய்வு. அப்போதும் ஒப்பீட்டைத் துகள் கூட்டம் போன்ற இன்னொரு மெட்டாஹியூரிஸ்டிக்கோடு செய்யாதீர்கள். மெர்லினும் பேக்கும் 1975-இல் தந்த வழி, சிவன்லரும் கூட்டாளிகளும் 1988-இல் தந்த கிளை மாற்று வழி ஆகிய இரண்டையும் நீங்களே எழுதி ஓட்டுங்கள். இரண்டும் சில டஜன் வரி நிரல்தான். புதிய முறை இவற்றை எவ்வளவு தாண்டுகிறது, எந்த மாதிரி வலையமைப்பில் தாண்டுகிறது என்று காட்டினால் படிப்பவருக்கு ஏதாவது கிடைக்கும்.

ஒரே பெயர், இரண்டு ஃபீடர்

33 பஸ்ஸை ஆய்வுப் பொருளாக எடுக்காவிட்டாலும், நிரலைச் சரிபார்க்கும் கருவியாக அது நல்லது. அங்கேயே ஒரு பள்ளம் இருக்கிறது. புழக்கத்தில் இரண்டு தரவுத்தொகுப்புகள் சுற்றுகின்றன. 7-க்கும் 8-க்கும் இடையிலான கிளையில் ஒன்றில் மின்தடை 0.7114 ஓம், ரியாக்டன்ஸ் 0.2351 ஓம். மற்றொன்றில் 1.7114, 1.2351. இரண்டிலும் ஒவ்வொரு ஓம் கூடுதல்.

இது எவ்வளவு வித்தியாசம் செய்யும் என்பதைக் கையாலேயே போட்டுவிடலாம். 8 முதல் 18 வரையிலான பஸ்களில் லோடு 875 கிலோவாட், 410 கிலோவார். ஒரு ஓம் மின்தடையும் ஒரு ஓம் ரியாக்டன்ஸும் கூடினால், கூடுதல் சரிவு 875-ஐயும் 410-ஐயும் கூட்டி 12.66-ஆல் வகுத்தது, அதாவது ஏறக்குறைய 101 வோல்ட். 12,660-இல் அது 0.8 சதவீதம். அதனால்தான் இரண்டாவது தொகுப்பில் குறைந்த மின்னழுத்தம் 0.904 அருகிலும், இழப்பு 211 கிலோவாட் அருகிலும் வருகிறது. ஒருவர் தன் முறையை 202.7-இலிருந்து தொடங்கி, இன்னொருவர் கட்டுரையில் 211-இலிருந்து வந்த குறைப்பு சதவீதத்தோடு ஒப்பிட்டால் அந்த அட்டவணைக்கு அர்த்தமே இல்லை. சதவீதத்தைப் பார்ப்பதற்கு முன் தொடக்க நிலை எண்ணைப் பாருங்கள்.

அடுத்த பள்ளம் மென்பொருளில். ஓப்பன்டிஎஸ்எஸ் பகிர்மான ஆய்வுக்கு மிக நல்ல கருவி, இலவசம், பைத்தானிலிருந்து ஓட்டலாம். ஆனால் அதன் இயல்புநிலை அமைப்புகள் நிஜ ஃபீடரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. 33 பஸ்ஸை அப்படியே உள்ளிட்டால் 202.7 வராது. காரணங்கள் மூன்று.

மாறாத வாட்-வார் என்று நீங்கள் அறிவித்த லோடு, மின்னழுத்தம் 0.95-க்குக் கீழே போனவுடன் சத்தமில்லாமல் மாறாத இம்பீடன்ஸாக, அதாவது மின்னழுத்தம் குறையக் குறையத் தானும் குறைவாக இழுக்கும் லோடாக, மாறிவிடும். 33 பஸ்ஸில் கணிசமான பஸ்கள் 0.95-க்குக் கீழே இருப்பதால் லோடு குறைந்து, இழப்பும் குறைந்து, மின்னழுத்தம் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். லோடு ஒவ்வொன்றிலும் குறைந்தபட்ச மின்னழுத்த அளவுருவை 0.8-க்கு இறக்கினால் இது சரியாகும். இரண்டாவது, மூல மின்னழுத்தத்துக்குப் பின்னால் ஒரு இம்பீடன்ஸ் இருக்கிறது. இயல்பாக அது 2,000 எம்விஏ குறுக்குச்சுற்றுத் திறனுக்கு உரியது. முதல் பஸ் சரியாக 1.0-இல் நிற்க வேண்டுமானால் அந்த எண்ணை மிகப் பெரிதாக்க வேண்டும். மூன்றாவது, லைனுக்குக் கபாசிட்டன்ஸ் தராவிட்டால் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளாது, தன்னிடம் உள்ள இயல்பு மதிப்பைப் போட்டுக்கொள்ளும். பூஜ்யம் வேண்டுமானால் பூஜ்யம் என்று எழுதியே ஆக வேண்டும்.

இவற்றோடு கிலோவோல்ட் குழப்பமும் சேர்ந்துகொள்ளும். சிங்கிள் ஃபேஸ் ஸ்டார் லோடுக்கு ஃபேஸ்-நியூட்ரல் மின்னழுத்தம் தர வேண்டும். இரண்டு, மூன்று ஃபேஸ் லோடுக்கு லைன்-லைன். மாற்றிக் கொடுத்தால் பிழைச் செய்தி எதுவும் வராது, விடை மட்டும் தவறாக வரும். லைன் நீளம் கிலோமீட்டரில், இம்பீடன்ஸ் மைலுக்கு என்று இருந்தாலும் அப்படியே.

எந்தத் தலைப்பானாலும் முதல் இரண்டு மாதத்தை இந்த வேலைக்கே ஒதுக்கலாம். தெரிந்த ஃபீடர் ஒன்றின் வெளியான விடையை, ஒவ்வொரு பஸ் மின்னழுத்தமும் நான்காம் தசமம் வரை பொருந்தும்படி கொண்டுவாருங்கள். பொருந்தாவிட்டால் தேடும் ஒழுங்கு ஒன்று உண்டு: முதலில் லோடு எல்லாவற்றையும் பூஜ்யமாக்கி ஓட்டுங்கள். ஏதாவது ஒரு பஸ்ஸில் 1.0 வரவில்லையென்றால் கோளாறு மின்மாற்றியிலோ கபாசிட்டன்ஸிலோ இருக்கிறது. பிறகு கடைசி பஸ்ஸில் மட்டும் ஒரு லோடு வைத்து, சரிவைக் கையால் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். அதுவும் சரியென்றால் மிச்சமிருப்பது லோடு மாதிரிதான்.

கேள்விக்கு ஏற்ற ஃபீடர்

33 பஸ் சமநிலைப்பட்ட ஃபீடர். நிஜப் பகிர்மானம் அப்படி இல்லை. ஃபேஸ்களுக்கு இடையே லோடு ஏற்றத்தாழ்வாகத்தான் இருக்கும், கிளைகளில் பாதி சிங்கிள் ஃபேஸாக இருக்கும், நியூட்ரலில் மின்னோட்டம் ஓடும். ஐஇஇஇ சோதனை ஃபீடர்கள் இதற்காகவே இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். 13 நோடு ஃபீடர் 4.16 கிலோவோல்ட், குட்டை, ஆனால் லோடு கனம். மின்னழுத்தத்தைப் படிப்படியாகச் சீராக்கும் ரெகுலேட்டரின் டேப் (படி) மூன்று ஃபேஸிலும் 10, 8, 11 என்று வெளியான விடையோடு பொருந்துகிறதா என்று பார்த்தாலே மாதிரியின் பெரும்பகுதி சரிபார்க்கப்பட்டுவிடும். 34 நோடு 24.9 கிலோவோல்ட், அரிசோனாவில் உள்ள நிஜ ஃபீடரிலிருந்து எடுத்தது, மிக நீளம், லோடு குறைவு, நடுவழியில் இரண்டு ரெகுலேட்டர். லோடு ஃப்ளோ ஒருங்காமல் தகராறு செய்வது இதில்தான். 37 நோடு நியூட்ரல் இல்லாத டெல்டா, நிலத்தடி கேபிள். 123 நோடு ரெகுலேட்டர், கபாசிட்டர், சுவிட்ச் எல்லாம் கலந்தது, கட்டுப்பாட்டு ஆய்வுக்கு ஏற்றது. வீட்டு மின்னிணைப்பு மட்டத்தில் வேலை என்றால் ஐரோப்பியத் தாழ்வழுத்தச் சோதனை ஃபீடர்: 906 பஸ், 55 சிங்கிள் ஃபேஸ் லோடு, ஒரு நாள் முழுவதற்கும் நிமிடத்துக்கு ஒரு மதிப்பு.

லைன் இம்பீடன்ஸை நீங்களே கணக்கிட வேண்டி வந்தால் கார்சன் 1926-இல் தந்த சமன்பாடுகளும், நியூட்ரலை அணியிலிருந்து ஒடுக்கும் கிரான் ஒடுக்கமும் போதும். ஒரு எச்சரிக்கை: கிரான் ஒடுக்கம் நியூட்ரல் எல்லா இடத்திலும் பூமி மின்னழுத்தத்தில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. உங்கள் கேள்வியே நியூட்ரல் மின்னழுத்தம் உயர்வது பற்றியது என்றால், அல்லது எர்த் மின்தடை பெரிதான இடங்களைப் பற்றியது என்றால், ஒடுக்கக் கூடாது. நான்கு கம்பியையும் அப்படியே வைத்துத்தான் தீர்க்க வேண்டும். கடத்தியின் வெப்பநிலையையும் மறக்க வேண்டாம். 95 சதுர மில்லிமீட்டர் அலுமினியக் கேபிளுக்கு அட்டவணை தரும் 0.320 ஓம் என்பது ஒரு கிலோமீட்டருக்கு, 20 டிகிரியில். 70 டிகிரியில் அதுவே 0.384. இழப்பு 20 சதவீதம் கூடிவிடுகிறது. பல ஆய்வேடுகள் காட்டும் மேம்பாடே அதற்கும் குறைவு.

கூரைச் சூரிய மின்சாரம்: ஆறு மடங்குக் கணக்கு

ஒரு ஃபீடர் எவ்வளவு சூரிய மின்சாரத்தைத் தாங்கும் என்ற ஹோஸ்டிங் கெபாசிட்டி ஆய்வுகள் இப்போது அதிகம். நல்ல தலைப்புதான். ஆனால் சமநிலை மாதிரியில் செய்தால் விடை ஏமாற்றும். மேலே சொன்ன அதே கேபிளை 300 மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். மின்தடை 0.096 ஓம். 400 வோல்ட் அமைப்பில் கடைக்கோடியில் 30 கிலோவாட் த்ரீ ஃபேஸ் இன்வெர்ட்டர் உள்ளே தள்ளினால் மின்னழுத்தம் 30,000-ஐ 0.096-ஆல் பெருக்கி 400-ஆல் வகுத்த அளவு ஏறும், அதாவது 7.2 வோல்ட், 1.8 சதவீதம். இப்போது அதே இடத்தில் 5 கிலோவாட் சிங்கிள் ஃபேஸ் இன்வெர்ட்டர். மின்னோட்டம் ஃபேஸ் வழியாகவும் நியூட்ரல் வழியாகவும் சுற்றி வருவதால் மின்தடை இரட்டிப்பு, 0.192 ஓம். 5,000-ஐ அதனால் பெருக்கி 230-ஆல் வகுத்தால் 4.2 வோல்ட். அதுவும் 1.8 சதவீதம். ஆறில் ஒரு பங்கு திறன், அதே ஏற்றம். யார் எந்த ஃபேஸில் இணைக்கப்பட்டிருக்கிறார்கள் என்பது தெரியாமல் சொல்லும் ஹோஸ்டிங் கெபாசிட்டி எண்ணை நம்ப முடியாமல் போவது இதனால்தான்.

இன்வெர்ட்டர் வார் உறிஞ்சினால் மின்னழுத்தம் இறங்கும் என்று எழுதுவதற்கு முன்பும் ஒரு கணக்கு. இந்தக் கேபிளின் ரியாக்டன்ஸ் கிலோமீட்டருக்கு 0.08 ஓம் அளவில் இருக்கும், மின்தடையில் நான்கில் ஒரு பங்கு. 30 கிலோவாட் ஏற்றிய மின்னழுத்தத்தை முழுக்க வாரால் ஈடுகட்ட 120 கிலோவார் வேண்டும். இன்வெர்ட்டர் இணைப்புக்கான தரநிலை ஐஇஇஇ 1547-இன் 2018 பதிப்பு, பி வகை இன்வெர்ட்டரிடம் கேட்பது அதன் திறனில் 44 சதவீதம். 30 கேவிஏ இன்வெர்ட்டருக்கு 13.2 கிலோவார். அது கேபிளில் இறக்குவது 0.8 வோல்ட் மட்டுமே, 7.2-இல் ஒன்பதில் ஒரு பங்கு. இதற்காக வாட் 27-க்கும் இறங்க வேண்டியிருக்கும். மின்மாற்றியின் ரியாக்டன்ஸையும் சேர்த்தால் நிலைமை கொஞ்சம் தேறும். நடுத்தர அழுத்த ஓவர்ஹெட் லைனில் வார் கட்டுப்பாடு நன்றாக வேலை செய்யும். தாழ்வழுத்தக் கேபிளில் அதே முடிவை எதிர்பார்க்கக் கூடாது.

ஆய்வைச் செய்யும் முறை இப்படி அமையலாம். இணைப்பு விகிதம் 10 சதவீதம் தொடங்கிப் படிப்படியாக ஏறட்டும். ஒவ்வொரு படியிலும் எந்த வீடு, எந்த ஃபேஸ், எத்தனை கிலோவாட் என்பதைக் குலுக்கிப் போட்டுப் பல நூறு முறை ஓட்டுங்கள். எத்தனை முறை போதும் என்பதை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டாம், 95-ஆம் சதமானம் அசையாமல் நிற்கும் வரை ஓட்டி, அந்த வரைபடத்தையும் ஆய்வேட்டில் வையுங்கள். அளவுகோலைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஐரோப்பிய மின்னழுத்தத் தரநிலை ஈஎன் 50160 பார்ப்பது 10 நிமிடச் சராசரியை, வாரத்தில் 95 சதவீத நேரம் 10 சதவீத வரம்புக்குள் இருக்கிறதா என்று. ஒரு நொடி உச்சத்தை எடுத்து அந்த வரம்போடு மோதவிட்டால் ஹோஸ்டிங் கெபாசிட்டி தேவையில்லாமல் சிறுத்துவிடும். மின்னழுத்தம் தவிர, கேபிளின் ஆம்பியர் வரம்பு, மின்மாற்றியில் பின்னோக்கி ஓடும் திறன், ஃபேஸ்களுக்கு இடையிலான சமனின்மை ஆகியவற்றில் எது முதலில் தடுக்கிறது என்பதையும் பதிவு செய்யுங்கள். ஒரு எண்ணைவிட அந்தத் தகவல்தான் ஃபீடரைப் பராமரிப்பவருக்குப் பயன்படும்.

நேரத் தொடராக ஓட்டும்போது படி அளவு முக்கியம். ரெகுலேட்டர் ஒரு டேப் நகர்த்தினால் 0.625 சதவீதம் மாறும், அதற்கு முன் 15, 30 வினாடி காத்திருக்கும். 15 நிமிடப் படியில் மேகம் கடந்து போவதே தெரியாது. அந்தத் தரவை வைத்து ரெகுலேட்டர் ஒரு நாளில் எத்தனை தடவை இயங்கும் என்று எண்ணிச் சொல்வது சரியாகாது. மின்னழுத்தத்துக்கு ஏற்ப இன்வெர்ட்டரின் வாரை மாற்றும் வோல்ட்-வார் வளைவைச் செங்குத்தாக வைத்தால் பக்கத்துப் பக்கத்து இன்வெர்ட்டர்கள் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு ஊசலாடும். அது நிஜமான ஊசலா, கணக்கீட்டில் மட்டும் வருவதா என்பதைப் படியைப் பாதியாக்கி ஓட்டித் தெரிந்துகொள்ளலாம்.

மீட்டர் தரவு

ஸ்மார்ட் மீட்டர் தரவு கிடைத்தால் ஆய்வு செழிக்கும். ஆனால் அது சராசரித் தரவு என்பதை ஒவ்வொரு அடியிலும் நினைவில் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் அரைமணி 100 ஆம்பியர், அரைமணி பூஜ்யம். சராசரி 50, அதன் வர்க்கம் 2,500. நிஜ இழப்புக்கு வேண்டியது வர்க்கங்களின் சராசரி, 5,000. மணிச் சராசரியால் கணக்கிட்ட இழப்பு சரிபாதி. ஒரே மின்மாற்றியில் பல வீடுகள் சேரும்போது இந்தப் பிழை குறையும், ஒற்றை வீட்டு சர்வீஸ் கம்பியில் மிகும்.

எந்த மீட்டர் எந்த ஃபேஸில் என்று கண்டுபிடிக்கும் தலைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. செலவு குறைவு, முடிவைக் களத்தில் சரிபார்க்கலாம், மேலே சொன்ன ஆறு மடங்குக் கணக்குக்கு அதுவே அடிப்படை. ஒரே ஃபேஸில் உள்ள மீட்டர்களின் மின்னழுத்தம் சேர்ந்தே ஏறி இறங்கும் என்பதுதான் கருத்து. நேரடி மின்னழுத்த மதிப்புகளுக்கு ஒட்டுறவுக் கெழு கண்டால் எல்லாமே ஒன்றோடொன்று ஒட்டும், ஏனென்றால் மூன்று ஃபேஸும் மாலையில் சேர்ந்து இறங்கி இரவில் சேர்ந்து ஏறுகின்றன. ஒரு இடைவெளிக்கும் அடுத்ததுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து அதற்கு ஒட்டுறவு காணுங்கள். மீட்டர் ஒரு வோல்ட்டுக்கு முழுமையாக்கிச் சேமித்தால் அந்த வித்தியாசங்களில் பெரும்பாலானவை பூஜ்யமாகிவிடும், முறை படுத்துவிடும். ஆகவே தரவு கேட்கும்போதே தசமம் வேண்டும் என்று கேளுங்கள். மீட்டர் கடிகாரம் ஒரு இடைவெளி தள்ளியிருந்தாலும் இதே கதி. ஒவ்வொரு மீட்டரையும் முன்னும் பின்னும் ஒரு படி நகர்த்திப் பார்த்து, எங்கே ஒட்டுறவு உச்சமாகிறது என்று சோதித்துவிட்டுத் தொடங்க வேண்டும். கடைசியில் 20, 30 இணைப்புகளையாவது களத்தில் பார்த்து உறுதி செய்யாவிட்டால் துல்லியம் இத்தனை சதவீதம் என்று எழுத அடிப்படை இல்லை.

லோடு முன்கணிப்பு எடுப்பவர்களுக்கு இரண்டே விஷயம். தரவைக் குலுக்கிப் பயிற்சி, சோதனை என்று பிரிக்காதீர்கள். பக்கத்து மணிகள் இரண்டு பக்கமும் போய்ச் சேர்ந்து விடை கசிந்துவிடும். காலவரிசையில் வெட்டுங்கள். அடுத்தது, போன வாரம் இதே நாள் இதே நேரம் என்ன லோடோ அதுதான் இப்போதும் என்ற எளிய ஊகத்தோடு ஒப்பிடுங்கள். ஒற்றை மின்மாற்றி அளவில் நரம்பு வலையமைப்புகள் அதைப் பெரிதாகத் தாண்டுவதில்லை என்பதைப் பார்ப்பீர்கள்.

மின்மாற்றியும் கார் சார்ஜரும்

ஐஇசி 60076-7-இன்படி, சாதாரணக் காகிதக் காப்பு உள்ள மின்மாற்றியின் சுருளில் மிகச் சூடான புள்ளி 98 டிகிரியில் இருந்தால் முதுமை இயல்பான வேகத்தில் நடக்கிறது. 6 டிகிரிக்கு ஒருமுறை வேகம் இரட்டிக்கும். 116 டிகிரியில் எட்டு மடங்கு, அதாவது இரண்டு மணி நேரம் அங்கே நின்றால் பதினாறு மணி நேர ஆயுள் போகிறது. மின்வாகன சார்ஜிங் ஆய்வில் பலர் உச்ச லோடை மின்மாற்றித் திறனோடு ஒப்பிட்டு, தாண்டிவிட்டது என்று நிறுத்திவிடுகிறார்கள். பகிர்மான மின்மாற்றியின் எண்ணெய்க்குக் கால மாறிலி 180 நிமிடம் என்று அதே தரநிலை தருகிறது. ஒரு மணி நேர உச்சத்தில் எண்ணெய் முழுவதும் சூடேறுவதே இல்லை. கேள்வி உச்சத்தைப் பற்றியதல்ல, மாலை உச்சத்துக்குப் பிறகு எண்ணெய் ஆற விடாமல் இரவு சார்ஜிங் தொடர்ந்து வருகிறதா என்பது. நள்ளிரவு மலிவுக் கட்டணம் தொடங்கியதும் எல்லா வாகனமும் ஒரே நிமிடத்தில் சார்ஜ் ஏறத் தொடங்கினால், மாலை உச்சத்தைவிடப் பெரிய உச்சம் நள்ளிரவில் வரும். அதற்கு எதிரான எளிய மருந்து, தொடக்க நேரத்தைச் சிதறடிப்பது. எத்தனை நிமிடம் சிதறினால் போதும் என்பதை எண்ணெயின் வெப்ப மாதிரியோடு சேர்த்துக் கண்டுபிடிப்பது ஒரு முழுமையான முதுநிலை ஆய்வு.

பாதுகாப்பு ரிலே, நம்பகத்தன்மை

ரிலே ஒருங்கிணைப்பில் இன்வெர்ட்டர்கள் கொண்டுவரும் சிக்கல் நல்ல களம். ஐஇசி ஸ்டாண்டர்ட் இன்வெர்ஸ் வளைவில், நேரப் பெருக்கி 1 என்றால், ரிலே இயங்கத் தொடங்கும் அமைப்பு மின்னோட்டத்தைப் போல் பத்து மடங்குக்கு ரிலே இயங்க 2.97 வினாடி ஆகும். பழுது மின்னோட்டம் ஐந்து மடங்காகக் குறைந்தால் 4.28. ஃபீடர் நடுவில் இருக்கும் சுழலும் ஜெனரேட்டர் ஒரு பகுதி மின்னோட்டத்தைத் தானே தந்து சப்ஸ்டேஷன் ரிலேயின் கண்ணை இப்படித்தான் மறைக்கிறது. இன்வெர்ட்டரோ தன் திறனைவிடச் சற்றே கூடுதலான மின்னோட்டத்தைத்தான் தரும். அதை மாறாத மின்னழுத்தமும் இம்பீடன்ஸும் கொண்ட மூலமாக மாதிரி செய்தால் பழுது மின்னோட்டம் பல மடங்கு ஊதிப்போகும். குறுக்குச்சுற்றுக் கணக்கில் அதை வரம்புள்ள மின்னோட்ட மூலமாகவே எடுங்கள்.

கம்பி அறுந்து காய்ந்த மண்ணில் விழும் உயர் இம்பீடன்ஸ் பழுதைக் கண்டறிவது மிக முக்கியமான கேள்வி, உயிர் சம்பந்தப்பட்டது. ஆனால் நிஜப் பதிவுகள் கிடைக்காத நிலையில் அதை எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. மாதிரி ஆர்க்கில் பயிற்சி பெற்ற வகைப்படுத்தி, தான் கற்ற சமன்பாட்டைத்தான் அடையாளம் காண்கிறது. நிஜ வன்பொருளைச் சிமுலேட்டரோடு இணைத்து, வளையத்தில் வைத்துச் செய்யும் சோதனைக்கும் ஒரு குறிப்பு: நிகழ்நேர சிமுலேட்டர் 50 மைக்ரோவினாடிப் படியில் ஓடும்போது, 10 கிலோஹெர்ட்ஸில் சுவிட்ச் ஆகும் இன்வெர்ட்டருக்கு ஒரு சுழற்சியில் இரண்டே புள்ளிதான் கிடைக்கும். அங்கே சராசரி மாதிரியைப் பயன்படுத்துங்கள், அல்லது சுவிட்சிங் பகுதியை எஃப்பிஜிஏ என்ற வேகமான நிரலேற்றும் சிப்புக்கு மாற்றுங்கள்.

நம்பகத்தன்மைக் குறியீடுகளில் வேலை செய்பவர்கள் ஐஇஇஇ 1366 சொல்லும் 2.5 பீட்டா முறையைக் கையில் எடுப்பார்கள். ஐந்து ஆண்டுகளின் தினசரி தடங்கல் நேரத்துக்கு இயல் மடக்கை எடுத்து, சராசரியோடு திட்ட விலக்கத்தின் 2.5 மடங்கைக் கூட்டி, அதன் அடுக்குக்குறியை எடுத்தால் பெருநிகழ்வு நாளுக்கான எல்லை கிடைக்கும். தடங்கலே இல்லாத நாளுக்கு மடக்கை கிடையாது. சின்ன வலையமைப்பில் அப்படிப்பட்ட நாட்கள் ஏராளம். அவற்றை என்ன செய்தீர்கள் என்பதை ஒரு வரியில் எழுதிவிடுங்கள், எல்லை அதைப் பொறுத்து நகரும்.

ஆய்வேட்டோடு ஒப்படைப்பது

மாதிரிக் கோப்பு, லோடு வரிசை, குலுக்கலுக்குப் பயன்படுத்திய தொடக்க எண், மென்பொருளின் பதிப்பு எண், தொடக்க நிலையில் ஒவ்வொரு பஸ்ஸின் மின்னழுத்தம், இவை ஒரே அடைவில் இருக்கட்டும். ஒரே கட்டளையில் எல்லா வரைபடமும் மறுபடி உருவாக வேண்டும். திருத்தம் கேட்டுத் திரும்பி வரும்போது ஆறு மாதம் போயிருக்கும். கேபிள் மின்தடையை 20 டிகிரிக்குப் போட்டீர்களா, 70-க்குப் போட்டீர்களா என்று தேர்வாளர் கேட்டால் பதில் அந்த அடைவில் இருக்கும். மாற்றி ஓட்டிக் காட்ட அரைமணி நேரம் போதும்.